சுவருக்கு அந்தப் பக்கத்து மழை

அந்தக் கோடை முழுக்க மழை இளையவளின் வீட்டின் மேல் மட்டுமே பெய்தது. வெயில் மூத்தவளின் வீட்டை விட்டு இரவிலும் நகரவில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது எழுப்பிய செங்கல் சுவர்தான் இரண்டுக்கும் எல்லை. அதன் மேல் நடக்கும் பூனைக்கு ஒரு பக்கம் நனைந்தது, மறு பக்கம் பொசுங்கியது. தெரு இதைப் பேசி முடித்து, பழகி, வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

மூத்தவளுக்குத்தான் வயிறு எரிந்தது. ஓரகத்திகள் இருவருமே தையல்காரிகள். மூத்தவளால் கத்தரிக்கோலைத் துணி சுற்றித்தான் எடுக்க முடிந்தது. மெஷின் எண்ணெய் தண்ணீராய் இளகிச் சட்டைகளில் கறை வைத்தது. அளவு கொடுக்க வந்தவர்கள் வாசலிலேயே விசிறிக்கொண்டு நின்று, பக்கத்து வீட்டுக்கு நழுவினார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பாள். கட்டிய புருஷனே மதியம் கை கழுவியதும் தம்பி வீட்டுக்குப் படுக்கப் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

"இங்க உங்களுக்கு என்ன குறைச்சல்?"

"காத்து" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இளையவள் சும்மா இருக்காமல் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "அக்கா, மாமா குறட்டை விடுறாரு. எழுப்பவா?"

"மழையையே வளைச்சுப் போட்டவ நீ. அவரு எம்மாத்திரம்!"

"அட நீங்க வேற. இங்க ஒரு துணி காய மாட்டேங்குது. எனக்கு உங்க வெயில் மேலதான் கண்ணு."

மூத்தவள் காதில் அது ஏறவில்லை. மழை தன் பக்கமும் வரட்டும் என்று, மறுநாள் கடப்பாரை வாங்கிவந்து, சுவரை இடுப்பு உயரத்துக்கும் கீழாக இடித்துத் தள்ளினாள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சூடான காற்று அதிக ஈரம் சுமக்கும். அந்த வீட்டு ஈரத்தை இந்த வீட்டு வெயில் வாரிக்கொண்டு மேலே போனது. போனதெல்லாம் இரண்டு வீட்டின் மேலும் ஒரே மூச்சில் மழையாய் இறங்கியது. இறங்கிய தண்ணீர் மண்ணுக்குள் போக, மண்மணிகளுக்கு நடுவே சந்து வேண்டும். மூத்தவளின் முற்றம் வெந்து ஓடாக இறுகி, சந்தெல்லாம் அடைத்துக் கிடந்தது. இளையவளின் முற்றமோ ஏற்கெனவே கழுத்துவரை குடித்திருந்தது. ஒன்று வாய் திறக்காத மண், இன்னொன்று வயிறு நிறைந்த மண். தண்ணீர் எங்கேதான் போகும்? இரண்டு வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவுக்கு ஏறி நின்றது. வெயிலும் போகவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தது.

"இப்ப நிம்மதியாக்கா?" என்றாள் இளையவள்.

"உன் பக்கம் ஒரு விரல் கம்மியா நிக்குதேடி" என்றாள் மூத்தவள்.

இடிந்த செங்கல்லை அடுக்கி, அதன் மேல் ஆளுக்கொரு மெஷினை ஏற்றினார்கள். வருடங்கள் போயின, தண்ணீர் போகவில்லை. வாடிக்கைக்காரர்கள் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து அளவு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மதியமானால் மூத்தவளின் புருஷன் மிச்சச் சுவரின் மேல், பக்கத்துக்கொரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். மூத்தவள் ஊசியில் நூல் கோத்தபடியே, எந்தக் கால் ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறாள்.