பாய்க்கு அடியில் கேட்டது

பொழுது விடியும்போதே மலாக்கி வீட்டு முற்றத்தில் போய் மண்டியிட்டேன். எங்கள் குடும்பத்தின் விலைமதிப்புள்ள பாயை என் ஆட்கள் என் தலைமேல் போர்த்தினார்கள். முன்னால் அடுப்புக் கற்களும் விறகும் வைத்தோம். எங்கள் தீவு வழக்கத்தில் அதற்கு, எங்களைச் சுட்டுத் தின்றாலும் சம்மதம் என்று அர்த்தம். மலாக்கி பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் இரண்டு குடும்பமும் வெட்டிக்கொண்டு சாக வேண்டியதுதான்.

தப்பு செய்தது நானில்லை, என் சித்தப்பா மகன் எலியு. சபையில் உதவிக்காரன், வாயைத் திறந்தால் வசனம். மூன்று நாள் முன்பு பக்கத்து ஊர் ரோட்டில் அவன் வண்டி அந்த ஊர் மலாக்கியின் மனைவி லாங்கியை இடித்து இடுப்பை உடைத்துவிட்டது.

"பிரேக் பிடிக்கலண்ணே. நான்தான் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்" என்று என் காலைப் பிடித்து அழுதான். நம்பினேன். குடும்பத் தலைவன் என்று இருப்பதே இதற்குத்தானே.

"நீயும் பக்கத்துல வந்து மண்டி போடுடா" என்றேன்.

"இன்னைக்குப் பெரிய வியாழன்ணே. கால் கழுவுற ஆராதனைக்குத் தண்ணி, துண்டெல்லாம் நான்தானே பார்க்கணும்?"

அதற்கும் சரி என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெயில் ஏறியது. முழங்காலில் பவளக்கல் குத்தியது. பாய்க்கு அடியில் இருப்பவன் வாய் திறக்கக் கூடாது, எழவும் கூடாது. அப்போது மலாக்கி கத்தினார்.

"உங்க தம்பி வண்டிய விட்டு இறங்கி அவ முகத்தைப் பார்த்தான்! தூக்கிவிடுங்கன்னு கெஞ்சியிருக்கா. திரும்பி ஏறிப் போயிட்டான்! பஸ் டிரைவர் வந்து எடுக்கிற வரைக்கும் ரோட்டுல கிடந்தா!"

படுபாவி! பாயை உதறிவிட்டு ஓடி அவன் கழுத்தைப் பிடிக்கலாம் போலிருந்தது. ஆனால் நான் எழுந்தால் சண்டை நிச்சயம். யூதாசின் காலையும் ஆண்டவர் கழுவினார் என்று வருஷா வருஷம் கேட்கிறேன். அந்த மனசு எனக்கு வரவில்லை, சத்தியமாக வரவில்லை. இருந்தாலும் எழவில்லை.

உச்சி வெயிலில் மலாக்கி பாயை எடுத்தார்.

"உங்களுக்கு இது தெரியாதா, தலைவரே?"

"நீங்க சொல்லித்தான் தெரியும்."

"தெரிஞ்ச பிறகும் எந்திரிக்கலையே" என்று கை கொடுத்துத் தூக்கினார். உள்ளே கூட்டிப்போய்க் கோகோவும் சேம்பங்கிழங்கும் வைத்தார்.

சாயங்காலம் ஆராதனைக்கு அவரும் என்னோடு வந்து, முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எலியு வெள்ளைச் சட்டையும் இடுப்பில் துண்டுமாகப் பணிவே உருவாக வந்து என் முன்னால் மண்டியிட்டான்.

"பாயை எடுத்துட்டாங்களாண்ணே?" என்று கிசுகிசுத்தான்.

"எடுத்தாங்க. அந்தப் பொம்பள உன்கிட்ட கெஞ்சினாளாமேடா."

அவன் கை நின்றது. "மெதுவாண்ணே! போதகர் பார்க்கிறாரு. அடுத்த மாசம் என்னை மூப்பராக்கப் போறாங்க."

இதற்காகவா என்னை அங்கே அனுப்பினாய்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அவன் சிரித்த முகம் மாறாமல் அடுத்தவரிடம் நகர்ந்தான். மலாக்கியை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. காலையில் வந்து மண்டியிட்டிருந்தால் தெரிந்திருக்கும். மலாக்கி இரண்டு காலையும் கொடுத்தார். கழுவித் துடைத்து முடிக்கும்வரை விட்டார். பிறகு கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"நான் லாங்கி புருஷன்."

தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்தது. எலியு மண்டியிட்டபடியே என் பக்கம் திரும்பினான், அண்ணன் எதையாவது சொல்லிக் காப்பாற்றுவான் என்று. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.