கோமளா என்கிற கனிமம்

கோமளாவின் வலது கை இரும்பை இழுக்கும். மங்கலத்திலிருந்து கம்பெனி வேனில் திருப்பூர் வந்துபோகிற டெய்லர் அவள். பனியன் கம்பெனியில் ஊசி உடைந்தால், அதன் துணுக்கு அத்தனையையும் பொறுக்கி ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். துணுக்கு துணியோடு கப்பலேறினால் ஆர்டர் போயிற்று. அவள் வேலை பார்க்கிற லிங்கசாமியின் கம்பெனியில் மட்டும் யாரும் குனிந்து தேடியதில்லை. கோமளா கையை நீட்டுவாள், துணுக்கு பறந்துவந்து ஒட்டும். அதற்காகச் சம்பளம் எதுவும் கூடிவிடவில்லை.

சீனா காந்த ஏற்றுமதிக்குக் கதவைச் சாத்திய வருஷம், மாற்றக் காந்தம் கிடைக்காமல் தையல் மெஷின் மோட்டார்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. உள்ளே இருக்கிற காந்தம் அரிய வகைக் கனிமத்தில் செய்வதாம். அதை உள்நாட்டிலேயே எடுக்க டில்லியில் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். செத்துக் கிடந்த மோட்டார் ஒன்றின்மேல் கோமளா கையை ஊன்றினாள், அது ஓடியது. நடு லைனில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள், லைன் முழுக்க ஓடியது. எழுந்தால் நின்றது. ஆகவே எழவிடவில்லை. அதிகாரிகள் வந்து, கையில் ஊசியை ஒட்டிப் பார்த்து, அவளைக் கனிமப் பட்டியலில் சேர்த்தார்கள். கனிமம் அனுமதியில்லாமல் இடம் மாறக் கூடாது. ஒன்பதாவது படிக்கிற மகள் அன்புசெல்வி மங்கலத்தில் தானே சமைத்துத் தின்று, தனியாகத் தூங்கினாள்.

"ஏனுங்க மொதலாளி, புள்ள ஒத்தையில கெடக்குதுங்க. ஒருக்கா ஊட்டுக்குப் போயிட்டு வந்தர்றனுங்க."

"போலாங் கண்ணு, ஆரு வேண்டாம்னா? இந்த ஷிப்மெண்ட் போவட்டும்."

போனது. அடுத்த ஷிப்மெண்ட் வந்தது. பக்கத்து மெஷின் ரங்காத்தாள், "உனக்கென்னக்கா, உக்காந்த எடத்துல சம்பளம். நீ எந்திரிச்சா எங்க ஊட்டுல அடுப்பெரியாது" என்றாள். அயர்னிங் மாஸ்டர் மருதாசலம், "சூடு பட்டாக் காந்தம் செத்துரும், என்ற டேபிள் பக்கம் வந்தராதீங்க" என்று சிரித்தான். டீ நேரத்தில் கோமளா அவன் டேபிளுக்குப் போய், வலது கையை வைத்து, இடது கையால் ஸ்டீம் அயர்னை அதன்மேல் அழுத்தினாள். கறி வாடை பேக்கிங் வரைக்கும் போனது.

காந்தம் சாகவில்லை, திசை மாறியது. கட்டுப் போட்ட கையோடு உட்காரவைத்தபோது மெஷின்கள் பின்னோக்கி ஓடித் தையலைப் பிரித்தன. துணியில் ஊசி போன ஓட்டைகூட மிஞ்சவில்லை. அமெரிக்கா ஐம்பது சதவீத வரி போட்டு, தைத்த சரக்கு ஊரெல்லாம் தேங்கிக் கிடந்த நேரம் அது. பிரித்த துணி, வேறு தேசத்துக்குத் தைப்பவர்களிடம் நல்ல விலைக்குப் போனது. மற்ற கம்பெனிக்காரர்களும் மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். லிங்கசாமி மனமிரங்கி ஸ்டூலுக்கு மெத்தை போட்டார். மங்கலத்துக்கு வேனும் அனுப்பினார்.

"புள்ளையவே கூட்டியாந்துட்டமுங்க கோமளா. தாயையும் புள்ளையையும் பிரிச்சு வெச்ச பாவம் நமக்கெதுக்குங்க?"

அன்புசெல்வி இப்போது அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்று, பிரிந்து விழும் நூலைச் சுற்றி எடுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பெயரை அடித்துவிட்டார்கள். ஒரு டஜன் டீ-சர்ட் பிரிக்க என்ன ரேட் என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.