பெட்டியில் ஆயிரம் வாட்

மூக்குக் கண்ணாடிக்கு ஃபிரேம் மாட்டுவதுதான் தொழில் என்றாலும், சொந்தபந்தம் மொத்தமும் அவரை ‘எஞ்சினியர்’ என்றுதான் கூப்பிட்டது. யார் வீட்டில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் இவர் போவார். போய், அணைத்து மறுபடி போடுவார். பாதி நேரம் சரியாகிவிடும். மீதி நேரம் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அவர் மனைவி, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்பவள். சரித்திரப் புத்தகத்தில் பதினோரு பாடம் முடிந்திருந்தது. பன்னிரண்டாவதில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. கூடவே டிஸ்க்கும் போனது. தொண்டை கட்ட வாசித்ததெல்லாம் போச்சு. தேர்வுக்கு இன்னும் இருபத்தைந்தே நாள்.

“உள்ள கரண்ட் கொடுக்கிறது நீங்க வாங்கிப் போட்ட பவர் சப்ளைதானே?” என்றாள்.

“ஆயிரம் வாட்டும்மா! பெட்டியிலயே போட்டிருக்கான்!”

அவள் அதைக் கழற்றச் சொல்லி, பக்கவாட்டில் ஒட்டியிருந்த பொடி எழுத்தை வாசித்துக் காட்டினாள். தொடர்ந்து தரக்கூடியது வெறும் இருநூற்றைம்பது. ஊராருக்கெல்லாம் பொடி எழுத்தைத் தெரிய வைக்கிற மனுஷன், கொட்டை எழுத்தை மட்டும் நம்பியிருந்தார்.

மறுநாள் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் எஞ்சினியரைப் பார்த்தே பேசினார். “இதை எடுங்க சார். கலர் கலரா லைட் எரியும்.”

“லைட்டு வீட்டுல இருக்குங்க,” என்றாள் அவள். “நீங்க பில் போடுற மெஷின்ல எதைப் போட்டிருக்கீங்க?”

கடைக்காரர் தன் பில் மெஷினை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, கீழ்த்தட்டிலிருந்து அழகே இல்லாத ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். ஏழு வருஷ வாரண்டி. அவள் முதலில் பொடி எழுத்தைத்தான் படித்தாள்: தொடர்ந்து ஐந்நூற்றைம்பது. எஞ்சினியர் கையில் தூக்கிப் பார்த்தார்; நல்ல கனம். வீட்டில் கிடப்பது தகர டப்பா என்று கைக்கே தெரிந்தது.

போன மானத்தைக் கொஞ்சமாவது மீட்க வேண்டுமே! “டிஸ்க்கு பெருசா ஒண்ணு எடுத்துடலாம்,” என்றார்.

“சின்னதா ரெண்டு எடுக்கலாங்க. எல்லாப் பாடமும் ரெண்டுலயும் இருக்கட்டும். ஒண்ணு கண்ணை மூடினாலும் இன்னொண்ணு இருக்குமில்ல?”

“அம்மாவை நல்லா தயார் பண்ணியிருக்கீங்க சார்!” என்றார் கடைக்காரர்.

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பாராட்டை அவர் சத்தமில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருப்பார். அன்று ஏனோ மனசு வரவில்லை.

“நான் எங்கங்க? நான் ஆயிரம் வாட் ஆளு. எல்லாம் இவங்க மூளை,” என்றார். சொல்லும்போதே நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது.

முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. இருபத்திரண்டாம் நாள் கடைசிப் பாடமும் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. “அக்கா, முழுப் புத்தகமும் வந்துடுச்சு! இன்னைக்கே படிக்க உட்காரப்போறேன்,” என்று ஒரு மாணவி போன் செய்தாள்.

மறுநாள் கண்ணாடிக் கடையில் வந்தவர் போனவருக்கெல்லாம் இதே கதைதான்.

“ஃபிரேம் கோணலா இருக்கே,” என்றார் ஒருவர்.

“அதைச் சரி பண்ணிடலாம் சார். கீழ்த்தட்டுல இருந்து எடுத்தாருன்னு சொன்னேன்ல, அங்கதான் விஷயமே...”