மேல்கோட்டுக்கு மேலே

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் சபை முற்றத்தில் காபிக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஜெரூஷா மட்டும் காரை எடுத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரை ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். சிமெண்ட் தளத்தில் நேராக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள்.

யூனிஸ் ஆன்ட்டி காபி டம்ளரோடு அங்கேயே வந்துவிட்டார்.

"வண்டி ரிப்பேரா ம்மா? ஷெர்வின் எங்க? அவனக் கூப்பிடேன்."

"ரிப்பேர் இல்ல ஆன்ட்டி. ஆயில் பாக்கறேன்."

"அதத்தான் சொல்றேன், ஷெர்வினக் கூப்பிடு."

ஜெரூஷா ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தாள். குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு. கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் ஆபத்து, மேல்கோட்டைத் தாண்டினாலும் ஆபத்து. எண்ணெய் மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை நின்றது.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில்தான் முந்நூறு மில்லி ஊற்றி, மேல்கோட்டுக்குச் சரியாகக் கொண்டுவந்து வைத்திருந்தாள். இன்ஜின் எண்ணெயைக் குடிக்கும், தெரியும். எண்ணெயைப் பெற்றுப் போடுமா? முகர்ந்து பார்த்தாள். பெட்ரோல் வாடை இல்லை. தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும், அதுவும் இல்லை. கல்லூரியில் பதினாறு வருடமாக வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் அவள். ஒரு பொருள் ஒன்றுமில்லாததிலிருந்து வராது என்று முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கே தெரியும்.

அந்தச் சிவப்புக் கார் அவளுடையது. இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் போகிற ஸ்போர்ட்ஸ் கார். வேளச்சேரியில் ஒரு டாக்டர் வெளிநாடு போகிறபோது விற்றதை வாங்கினாள். வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அவளுக்கு மட்டும் கல்லூரி வாசலைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறி மிதிக்கும்போது காது வரை சிரிப்பு வரும். வண்டியோடு வந்த கையேட்டை இரண்டு முறை படித்திருந்தாள். இந்த வகை இன்ஜின் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை எண்ணெய் எரிக்கலாம், அது குறையல்ல. ஆனால் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும், சமதரையில், இன்ஜின் சூடாக இருக்கும்போது, அணைத்து ஐந்து நிமிடம் கழித்து. அவ்வளவுதான். ஒரு குழம்பு வைப்பதை விடச் சுலபம்.

மத்தியானச் சாப்பாட்டில் கேட்டாள். "யாராவது என் வண்டில ஆயில் ஊத்தினீங்களா?"

"நான் எதுக்கு ஊத்தப் போறேன்?" என்றான் கணவன் ஷெர்வின். "நீ சூட்டோட பாத்திருப்ப. காலைல ஆறினப்பறம் பாத்தாதான் சரியா காட்டும்."

"சூட்டோடதான் பாக்கணும்னு புக்லயே போட்டிருக்கு."

"புக்ல ஆயிரம் போடுவான் ஜெரு."

மாமனார் தேவானந்தம் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பவர், அன்றைக்கு மட்டும் மீனில் முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

மிஞ்சிய எண்ணெயை வார நடுவில் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை, சிக்னலில் பச்சை விழுந்து அவள் கிளப்பியதும், பின்னால் நீலமாகப் புகை கிளம்பியது. ஹெல்மெட் போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினார். "மேடம், பின்னாடி பாருங்க, கொசு மருந்து அடிக்கற மாதிரி வருது!" பேருந்தில் நின்றவர்களெல்லாம் குனிந்து பார்த்தார்கள். முதல் வகுப்புக்கு இருபது நிமிடம் தாமதம்.

அன்று மாலையே கீழ்க்கட்டளையில் அச்சுதனின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனாள். கூப்பிடாமலே ஷெர்வினும் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்து நின்றான். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அச்சுதன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு ஷெர்வின் பக்கம் திரும்பினார்.

"சார், புகை நீலமா வந்தா பிஸ்டன் ரிங்கு போச்சுனு அர்த்தம். இன்ஜின தொறந்தாவணும். இன்னா சொல்றீங்க?"

"வண்டி என்னோடது. எங்கிட்டச் சொல்லுங்க."

"உங்களுக்குத்தான் மேடம் சொல்லிகினு கீறேன்," என்றார் அச்சுதன், ஷெர்வினையே பார்த்துக்கொண்டு.

"அவர் எக்ஸ்பர்ட் ஜெரு. தொறந்தே பாத்துடலாமே," என்றான் ஷெர்வின்.

ஜெரூஷா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "முதல்ல உள்ள இருக்கற ஆயில இறக்குங்க. மொத்தத்தையும். நான் அளக்கணும்."

"அளந்து இன்னா மேடம் பண்ணப் போறீங்க? பழைய ஆயிலு."

"இறக்குங்க."

கல்லூரி ஆய்வகத்தில் கழித்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் அளவுக்குவளையைப் பையிலிருந்து எடுத்தாள். அச்சுதன் அலுத்துக்கொண்டே வண்டியைத் தூக்கி, அடியில் நட்டைக் கழற்றினார். கறுப்பாக, நூல் பிடித்த மாதிரி இறங்கியது. பில்டரையும் கழற்றி வடியவிட்டார்கள். அந்த இன்ஜின் கொள்வது ஐந்து லிட்டர். அவள் குவளையில் ஊற்றி ஊற்றி அளந்தாள். ஐந்து ஆனது. பாத்திரத்தில் இன்னும் இருந்தது. ஆறானது. அதற்கு மேலும் ஒரு கால் லிட்டர்.

அச்சுதன் முதல் முறையாக அவளைப் பார்த்தார். "மேடம், ஆறேகால் லிட்டர் போட்டு ஓட்டினா எந்த இன்ஜினும் புகையத்தான் செய்யும். ரிங்கு மேல தப்பில்ல. யாரு இந்த வேல பாத்தது?"

ஷெர்வின் சுவரில் மாட்டியிருந்த டயர் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

"ஷெர்வின்."

"காலைல பாத்தேன், கம்மியா இருந்துச்சு. கொஞ்சம்தான் ஊத்தினேன்."

"எவ்ளோ?"

"ரெண்டு தடவ. சேத்து அரை லிட்டர் இருக்கும்."

"வீட்ல போர்டிகோ எப்படிச் சரிஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? ரோட்ட மேல மேல போட்டு, கேட்டுப் பக்கம் ஒரு அடி ஒசந்து நிக்குது. வண்டி மூக்கக் குத்திக்கிட்டு நிக்கறப்ப எண்ணெயெல்லாம் ஒரு பக்கம் ஓடிடும். குச்சில கம்மியாத்தான் காட்டும்!"

"உனக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாதுன்னுதான்..."

"ஞாயித்துக்கிழமை கேட்டப்ப ஏன் சொல்லல?"

அவன் மறுபடி காலண்டர் பக்கம் திரும்பினான். ஆனால் கணக்கும் உதைத்தது. அரை லிட்டர் போக இன்னும் முக்கால் லிட்டர் யாருடையது? புகையாகப் போனதையும் சேர்த்தால் ஒரு லிட்டர் வரும்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் முன்னால் போய் உட்கார்ந்தாள். "மாமா, அவர் அரை லிட்டர் ஊத்தியிருக்கார். நீங்க எவ்ளோ ஊத்தினீங்க?"

தேவானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு லிட்டர் டப்பா. ஒரே தடவையில இல்லம்மா. தினம் கார் துடைக்கும்போது குச்சியப் பாப்பேன். குறைஞ்சிருந்தா ஒரு மூடி, ரெண்டு மூடி." காலி டப்பா அலமாரியில் செய்தித்தாள் கட்டுக்குப் பின்னால் இருந்தது. அவரே எடுத்து வந்து கொடுத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மாமா."

"நீ காலேஜு, வீடுன்னு ஓடிட்டிருக்க. ஹைவேல போறவ. ஆயில் இல்லாம நடுவழியில நின்னுட்டா என்ன பண்ணுவ? எனக்குத் தூக்கமே வரல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அவனும் ஊத்தறான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அவளுக்குக் கத்த வேண்டும் போலவும் இருந்தது, சிரித்துவிடுவோமோ என்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அறைக்குள் போய்க் கட்டிலில் பத்து நிமிடம் கண்ணை மூடிக் கிடந்தாள். இந்த வீட்டில் ஒரு மனுஷி தன் சொந்த வண்டியின் எண்ணெயைத் தானே பார்த்துக்கொள்வாள் என்பது இரண்டு பேர் மூளையிலும் ஏறவில்லை. அவள் பார்த்துப் பார்த்துச் சரியாக வைத்ததை, அக்கறை அக்கறை என்று இரண்டு பேரும் சேர்ந்து கெடுத்திருக்கிறார்கள். திட்டவும் முடியாத மாதிரி கெடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை இட்லியோடு சட்டத்தையும் வைத்தாள். ஸ்பார்க் பிளக்கெல்லாம் மாற்றி, புது எண்ணெய் சரியாக ஐந்து லிட்டர் விட்டாயிற்று. இன்றிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அவளைத் தவிர யாரும் பானெட்டைத் தொடக்கூடாது. அப்போதுதான் வண்டி உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று தெரியும்.

"நடுவுல ஒரு தடவ பாத்துக்கிட்டா?" என்றான் ஷெர்வின்.

"தொடக்கூடாது."

"பாக்கத்தான். ஊத்த மாட்டேன்."

அவள் பார்த்த பார்வையில் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

ஐந்து வாரம் ஆனது. புகை மறுபடி வரவில்லை. ஆயிரம் ஓடி முடிந்த சனிக்கிழமை அவள் சாவியை எடுத்ததும், தேவானந்தம் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "நானும் வரேம்மா. சும்மா பாக்கறதுக்கு."

"கையக் கட்டிக்கிட்டு நிக்கணும் மாமா."

"நிக்கறேன்."

தாழ்ந்த இருக்கையில் அவரைப் பிடித்து உட்கார வைக்கவே ஐந்து நிமிடம் ஆனது. மேடவாக்கம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில், காற்று அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தரை சமமாக இருந்தது. நிறுத்திக் காத்திருந்து குச்சியை எடுத்தாள். மேல்கோட்டுக்குச் சற்றே கீழே. இருநூறு மில்லி குறைந்திருக்கும், அதற்கு மேல் இல்லை. பத்து வருட இன்ஜினுக்கு அது ஒன்றுமே இல்லை. அவளுக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கத் தோன்றியது.

தேவானந்தம் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். இரண்டு நிமிடம் வரைக்கும்.

"அந்தத் துணிய இப்படி மடிச்சுப் பிடிச்சா கையில ஒட்டாதும்மா," என்றார்.

ஜெரூஷா கண்ணை இறுக மூடித் திறந்தாள். "மாமா," என்றாள், "வண்டில போய் உக்காருங்க."