இருநூற்று ஐம்பத்தாறு

காவலாளி சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்து மேசைமேல் மூன்று முறை தட்டினான். இரண்டு பருக்கைகள் விழுந்தன. வேறொன்றும் விழவில்லை. விழாததையும் குற்றமாகவே எடுத்துக்கொண்டு, "எங்கடி ஒளிச்சு வச்ச?" என்றான்.

அக்கா, செய்தி கேட்டு மாடியிலிருந்து ஓடிவந்து நின்ற தங்கையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பத்தொன்பது வயதில் இந்தத் தொழிற்சாலையின் அச்சு இயந்திரத்தில் உட்கார்ந்தவள் அக்கா. பித்தளைத் தகட்டை வைத்து மிதித்தால் ஒரு அடி, நகக்கண் அளவில் ஒரு கொக்கி. அவள் மிதித்த மிதியில்தான் தங்கை கல்லூரிக்குப் போனாள். குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கினாள். இதே கட்டடத்தின் மாடியில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் நாற்காலி பிடித்தாள். கீழே எல்லோருக்கும் அவள் 'எஞ்சினியரம்மா'. பாதி மரியாதை, பாதி நக்கல்.

"எவ்வளவு குறையுது?" என்று தங்கை கேட்டாள்.

"மீட்டர் ரெண்டாயிரத்து ஐநூத்தி எழுபத்தாறுன்னு காட்டுது. தட்டை எடை போட்டா ரெண்டாயிரத்து முன்னூத்தி இருபதுதான் இருக்கு. மிச்சம் இருநூத்தி அம்பத்தாறுக்குக் காலு முளைச்சிடுச்சா?" காவலாளி சிரித்தான். "எல்லாருக்கும் ஒரே அளவுப் பைதான் போல. இதுவரைக்கும் புடிச்ச பதினோரு பேருமே கரெக்டா இருநூத்தி அம்பத்தாறுதான் அடிச்சிருக்காளுங்க."

இருநூற்று ஐம்பத்தாறு என்று தங்கை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"மீட்டர் பொய் சொல்லாது," என்று அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "என் தங்கச்சி எழுதினது. நான்தான் எங்கயோ கொட்டிட்டேன் போல."

தங்கை மாடிக்குப் போய், மீட்டருக்காகத் தான் எழுதிய கணினி நிரலைத் திறந்தாள். ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு டைமர் கவுண்டர் சிப். கடிகாரத் துடிப்போடு இணைத்தால் அது நேரத்தை அளக்கும். இங்கே மிதியோடு இணைத்திருந்ததால் பெண்களை அளந்தது. பத்தாயிரம் என்று கொடுத்துவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஒன்றைக் குறைத்துக்கொண்டே போகும். ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதும்போது மிச்சத்தைப் படித்துக் கழித்தால் எத்தனை கொக்கி என்று தெரியும். ஆனால் அந்த எண்ணை ஒரே மூச்சில் படிக்க முடியாது. முதலில் கீழ்ப்பாதி, பிறகு மேல்பாதி. ஐந்நூறு என்ற எண்ணில் கடைசி இரண்டு சைபரை நாம் குறித்துக்கொண்ட அந்த இடைவெளியில் ஒரு அடி விழுந்து, எண் நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது ஆகிவிட்டால், அடுத்து முதல் இலக்கத்தைப் பார்க்கும்போது நான்குதான் இருக்கும். நானூறு என்று எழுதிவிடுவோம். நூறு காணாமல் போகும். நமக்கு நூறு. சிப்பின் கீழ்ப்பாதி கொள்வது இருநூற்று ஐம்பத்தாறு; அதற்கு அத்தனை. மிச்சம் குறைந்தால் அடித்த கணக்கு கூடும். சங்குக்குப் பிறகு விழும் கொக்கியோ தட்டில் சேராது.

இதற்காகத்தான் படிப்பதற்கு முன் 'பிடித்து வை' என்று ஒரு கட்டளை உண்டு. சிப் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும்; பிடித்து வைத்த எண் அசையாது. பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி. ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தாள். இங்கே அந்த ஒரு வரியை எழுதவில்லை. போதாததற்கு, கீழ்ப்பாதியைத் திரைக்கு அனுப்பி, அது போய்ச் சேரும்வரை காத்திருந்து, பிறகு மேல்பாதியைப் படித்திருந்தாள். ஒரு அடி விழத் தாராளமான இடைவெளி.

பதினோரு பேர். 'திருடி மாட்டிக்கிட்டா' என்று கேள்விப்பட்ட ஒவ்வொரு முறையும், நமக்கெதற்கு என்று டீ குடித்தவள்தான் அவளும். எத்தனை குறைந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முதல் ஆளிலேயே தெரிந்திருக்கும்.

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஒரு வரிதானேம்மா? போட்டுடு."

"வெளிய அனுப்பினவங்க, சார்?"

"மாலை போட்டுக் கூட்டிட்டு வரச் சொல்றியா? மூணு பேர் மேல போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கோம். மீட்டர் தப்புன்னா யாரு எழுதினதுன்னு கேப்பான். உன் கையெழுத்து இருக்கு."

"இருக்கட்டும். நானே எழுதித் தரேன்."

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். 'நான்தான் எடுத்தேன்.' கீழே அக்காவின் கோணல் கையெழுத்து, மை இன்னும் பளபளத்தது. அந்தக் கையெழுத்தைப் போடச் சொல்லிக் கொடுத்ததே இவள்தான்.

"போலீஸ் வேணாம், தங்கச்சி வேலையில கை வைக்காதீங்கன்னு கேட்டா. சரின்னுட்டேன். இப்ப நீ என்னத்த எழுதினாலும், அக்காவைக் காப்பாத்தப் புழுகுறேன்னுதான் சொல்லுவாங்க."

அவள் எழுதினாள். ஒன்றல்ல, மூன்று கடிதங்கள். மேனேஜர் மூன்றையும் வாங்கி அதே இழுப்பறையில் வைத்தார்.

அன்றிரவு வீட்டுச் சமையலறையில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தங்கை சுவரில் சாய்ந்து நின்று சிப், கீழ்ப்பாதி, மேல்பாதி எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்நூறு, நானூறு என்று விரல் மடக்கிக் காட்டினாள். தப்பு என்னுது அக்கா என்றாள்.

"போதும் விடுடி," என்றாள் அக்கா. "என்னைத் தேத்தறதுக்காக உன் படிப்ப நீயே கேவலப்படுத்தாத."

"சத்தியமாக்கா. நீ எடுக்கல."

"எடுக்கலன்னுதான் நானும் நெனைக்கறேன்." குழாயை மூடினாள். "ஆனா பதினெட்டு வருஷம் மிதிச்சிருக்கேன். கை என்ன பண்ணுதுன்னு யாரு பாத்துக்கிட்டே இருக்கா?"

தங்கை மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அக்கா தலையாட்டிக்கொண்டே, கழுவி முடித்த சாப்பாட்டு டப்பாவை மேடைமேல் கவிழ்த்தாள். ஒருமுறை தட்டினாள். இன்னொரு முறை. பிறகு டப்பாவை மெல்லத் தூக்கி, அடியில் குனிந்து பார்த்தாள்.