பெயர் சொல்லிக் கேட்ட மன்றாட்டு

திண்டிவனத்தில் அந்தத் தெருக்காரர்களுக்கு இட்லி மாவு என்றால் ரோஸ்லின் வீட்டு மாவுதான். மத்தியானம் கிரைண்டர் ஓடத் தொடங்கும். பொழுது சாய்ந்தால் பெண்கள் தூக்குகளோடு வாசலில் வந்து நிற்பார்கள். புருஷன் போன பிறகு அவள் நிமிர்ந்து நின்றது அந்த மாவால்தான்.

அந்த வாரம் திங்கட்கிழமை பாதிப் பேரைக் காணவில்லை. மறுநாள் வாசலைத் தாண்டிப் போன ஒருத்தி, “இன்னிக்கி கேப்பைக் களி கிண்டிட்டேன்” என்று கேட்காமலே காரணம் சொன்னாள். புதன்கிழமை எல்லோர் வீட்டிலும் உப்புமா ஆகிவிட்டது. வியாழக்கிழமை ஒரு குண்டான் மாவு புளித்துப் பொங்கி வழிய, அதைக் கழுநீர்த் தொட்டியில் கொட்டிவிட்டு ரோஸ்லின் திகைத்து நின்றாள். அரிசியும் மாறவில்லை, உளுந்தும் மாறவில்லை. மனுஷர்கள் எப்படி மாறினார்கள்?

பக்கத்து வீட்டுக் கவிதா ஃபோனைக் கையில் மூடிக்கொண்டு வந்தாள். தையல் வேலை செய்கிறவள், கலகலவென்று பேசுகிறவள். அன்றைக்கு அவளுக்கு வாய் வரவில்லை.

“அக்கா, கோச்சிக்காத. கண்டமங்கலத்துல எங்க சித்தி பொண்ணு இத அனுப்புனா. போன வெள்ளிக்கிழம போட்டதாம். ஊரே கேட்டுக்கினு கீது. நீயும் கேட்டுடறது நல்லதுக்கா.”

கணீரென்று ஒரு குரல் எழுந்தது. “அன்பு உறவுகளே, இந்த வெள்ளிக்கிழமை நாம் யாருக்காக மன்றாட வேண்டும்? திண்டிவனத்தில் இருக்கும் ரோஸ்லின். கணவரை இழந்தவர். இட்லி மாவு விற்றுப் பிழைக்கிறார். காசநோயால் வாடுகிறார். ஆறுதல் சொல்ல விரும்புகிறவர்கள் இந்த எண்ணில் அழைக்கலாம்…”

தெருப் பெயர், ஃபோன் நம்பர், கீழே அவளுடைய படம். எதுவும் பாக்கியில்லை.

குரல் யாருடையது என்று ரோஸ்லினுக்குத் தெரியும். திண்டிவனத்தில் நெடுநாள் வாத்தியாராக இருந்து, இப்போது விழுப்புரத்தில் ஐந்தப்பம் உதவி மன்றத்தை நடத்தும் அடைக்கலராஜ் சார். அந்தத் தெருவிலேயே அவரிடம் படித்தவர்கள் பலர் உண்டு. அதனால்தான் அவர் குரல் இவ்வளவு சீக்கிரம் தெருவுக்குள் வந்து சேர்ந்தது.

அவளுக்குக் காசநோய் வந்தது உண்மை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, நோய் தீர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி, போன மழைக்காலத்திலேயே எல்லாம் முடிந்துபோனதும் உண்மை. மாவு அரைப்பதை நிறுத்தி வைத்திருந்த அந்த நாட்களில் மன்றம்தான் கேப்பை மாவுச் சத்துப் பொட்டலம் கொடுத்தது. கொண்டுவந்த ஜெசி என்ற பெண் பெயர், நோய், நம்பர் எல்லாம் கேட்டாள், படமும் பிடித்தாள். “பொட்டலம் யாருக்குப் போச்சுன்னு காட்டறதுக்குதான்க்கா. எங்க ஆபீஸத் தாண்டாது” என்றாள். ரோஸ்லின் நம்பினாள். மாத்திரை கொடுத்த நர்ஸம்மா கடைத்தெருவில் எதிரே வந்தால், அவள் நோய் பிறர் கண்ணில் படக் கூடாதென்று, தெரியாதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அதுவும் ஒரு அன்புதான் என்று ரோஸ்லினுக்கு அப்போது தெரிந்தது. மன்றத்துக்காரர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே விழுப்புரம் பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஜெபமாலையை உருட்டப் பார்த்தாள். வாய் அருள்நிறைந்த மரியே என்றது. மனசு வேறு எதையோ சொல்லிக் கொதித்தது.

மன்றம் ஒரு மாடி அறை. மேசைக்குப் பக்கத்தில் ஜெசி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். அடைக்கலராஜ் சார் ரோஸ்லினைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

“வாம்மா, வா! எப்டி இருக்க? உனக்காக எத்தினி பேர் ஜெபிச்சாங்க தெரியுமா? துபாய்லருந்துகூட ஒருத்தர் பேசுனாரு.”

“நேத்து ராத்திரி துபாய்லருந்து எனக்கே பேசுனாருங்க சார். நான் எச்சி துப்பறதுல ரத்தம் வருதான்னு கேட்டாரு.”

சாரின் சிரிப்பு பாதியில் நின்றது. ரோஸ்லின் நிறுத்தவில்லை. நோய் எப்போதோ தீர்ந்துபோனதையும், தெருவில் நடந்ததையும், தொட்டியில் கொட்டிய மாவையும் சொன்னாள். அவர் நிஜமாகவே வருந்தினார். கெட்டவர் இல்லை. பென்ஷன் பணத்தை ஏழைகளுக்குச் செலவழிக்கிற மனுஷர்.

“அம்மா, மொத்தமா நோயாளிகளுக்காகன்னு கேட்டா யாரு மனசும் உருகறதில்ல. பேர் சொல்லி, ஊர் சொல்லி, நோவு சொல்லிக் கேக்கணும். அப்பதான் அது ஜெபம். எங்க வீட்டுல அப்டிதான் சொல்லிக் குடுத்தாங்க. நல்ல எண்ணத்துலதான்…”

“சாமிக்கு என் ஃபோன் நம்பர் எதுக்குங்க சார்?”

பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ஜெசியின் கை நின்றது.

“என்னைப் படைச்சவருக்கு என் தெரு தெரியாதா? நீங்க சொல்லித்தான் அவரு திண்டிவனத்துக்கு வழி கண்டுபிடிச்சி வரணுமா? உங்க எண்ணம் நல்லாத்தான் இருக்கு. என் மாவுதான் புளிச்சிப்போச்சு.”

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு முகம் மலர்ந்து ஃபோனை எடுத்தார். “இதுக்கு ஏன்மா பேஜாராவற? இப்பவே ஒரு வாய்ஸ் போட்டுடறேன். திண்டிவனம் ரோஸ்லின் பூரண சுகம் அடைஞ்சிட்டாங்க, ஆண்டவருக்கு நன்றின்னு. பெரிய சாட்சி இல்லியா இது?”

“போடாதீங்க!”

அவள் கத்தியதில் அவர் கை தானாகத் தாழ்ந்தது.

“மறுபடியும் எம் பேரா? கேள்விப்படாதவங்க நாலு பேரு இருந்தாக்கூட அவங்களுக்கும் சேத்துச் சொல்லப் போறீங்களா? உங்க கேப்பை மாவ வாங்கித் தின்னேன், இல்லங்கல. அதுக்கு என் நோவைத் தெருத்தெருவா ஏலம் போடுவீங்களா?” அவள் சுவரைக் காட்டினாள். நன்கொடை தந்தவர்களின் பெயர்ப்பலகை அங்கே தொங்கியது. “அதுல இன்னா எழுதியிருக்கு, படிங்க.”

அவருக்குப் படிக்கத் தேவையில்லை. இருந்தாலும் படித்தார். “பெயர் சொல்ல விரும்பாத அன்பர், கண்டமங்கலம்.”

“குடுக்கறவங்க வேணான்னா மூடி வெக்கிறீங்க. வாங்கறவங்களுக்கு மட்டும் வெக்கம் மானம் கெடையாதா சார்? என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அப்போதுதான் அவளுக்கு அந்தக் கேள்வி தோன்றியது.

“இன்னிக்கி வெள்ளிக்கிழமையாச்சே. இன்னிக்கி யாரு?”

சார் தயங்கினார். ஜெசி மெதுவாகச் சொன்னாள். “திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துப் பொண்ணுக்கா. புருஷன் அடி தாங்க முடியாம ஓடியாந்து இங்க ஒருத்தர் வீட்டுல ஒளிஞ்சிருக்கு.”

“அது எந்த வீடுன்னும் சொல்லியிருக்கீங்களா சார்?”

“வீட்டு நம்பர் சொல்லலம்மா. தெரு பேர் மட்டும்தான்…” என்று தொடங்கியவர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அனுப்பிட்டீங்களா?”

“இல்ல. பேசி வெச்சிருக்கேன். சாயங்காலம் ஜெப நேரத்துக்கு அனுப்பறதா இருந்தேன்.”

“அழிங்க. ஜல்தி.”

அவர் ஃபோனை நீட்டினார். ஜெசி ஃபோனை வாங்கி அழித்தாள். பிறகு யாரும் சொல்லாமலே, ரோஸ்லினின் படத்தையும் நம்பரையும் கம்ப்யூட்டரில் தேடித் திறந்து, அவள் பார்க்க அவற்றையும் நீக்கினாள். “உங்ககிட்ட வெளிய போவாதுன்னு சொன்னது நான்தான்க்கா. சார்கிட்ட அதச் சொல்லாம விட்டதும் நான்தான்.” அவள் கண்கள் நிறைந்தன. “ஆனா வெளிய போனது போனதுதான். அத இழுத்துக்கினு வர முடியாது.”

“தெரியும்மா” என்றாள் ரோஸ்லின்.

அடைக்கலராஜ் சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். “இனிமே ஒருத்தர் பேரும் இந்த ரூம தாண்டாது. உனக்கு நான் இன்னா பண்ணணும், சொல்லும்மா. எதுன்னாலும் செய்யறேன்.”

“எனக்குன்னு ஒண்ணும் பேசாதீங்க. நாளைக்கி எங்க தெருவுக்கு வந்து மாவு வாங்கிக்கினு போங்க. மத்தவங்க மாரி வாசல்ல நில்லுங்க.”

“அங்கதான் யாரும் வர்றதில்லன்னு சொன்னியேம்மா?”

“அப்ப ஒண்டியா நில்லுங்க. நானும் அப்டித்தான நிக்கறேன்?”

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அவர் வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. பக்கத்தில் அவர் மனைவி அந்தோணிமேரி. ரோஸ்லின் வாசலில் வேறு யாரும் இல்லை. இருவரும் நின்றார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு முகம் தெரிந்து மறைந்தது.

ஸ்கூட்டரில் போன அப்பாதுரை சட்டென்று பிரேக் போட்டான். சாரிடம் படித்தவன், இப்போது அதே தெருவில் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறவன்.

“சார்! நீங்களா? விழுப்புரத்துல மாவுக்கு அவ்ளோ பஞ்சமா?”

சாருக்கு வாய் வரைக்கும் எத்தனையோ வந்திருக்கும். டாக்டர் சொன்னது, தன் தப்பு, ஆண்டவரின் கருணை. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டார். “அங்கயும் கெடைக்குதுப்பா. எனக்கு இது வேணும்.”

“மாவு வாங்கவா பஸ் ஏறி வந்தீங்க?”

“ஆமா. உனக்கு வேணும்னா பாத்திரம் எடுத்துக்கினு வந்து என் பின்னால நில்லு. முன்னால வுட மாட்டேன்.”

அப்பாதுரை தலையைச் சொறிந்தான். ரோஸ்லினைப் பார்த்தான், மாவைப் பார்த்தான். அவன் முகத்தில் வெட்கம் ஏறியது. “ஒரு நிமிஷம் சார், பாத்திரம் எடுத்தாறேன்” என்று வண்டியைத் திருப்பினான்.

கவிதாவும் தன் தூக்கோடு வந்து நின்றாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மற்ற கதவுகள் திறக்கவில்லை. திறக்க நாளாகும், சில திறக்காமலே போகும். ரோஸ்லின் அதை அறிந்தவளாகத்தான் மாவை மொண்டாள். சார் நீட்டிய பணத்தை, மற்றவர்களிடம் வாங்குவது போலவே வாங்கிக்கொண்டாள்.

தூக்கை வாங்கிக்கொண்டு அவர் பேசத் தொடங்கினார். “அம்மா, நான் பண்ணது பெரிய…”

“மெதுவாப் பேசுங்க சார். தெரு கேக்கும்.”

அவர் வாயை மூடிக்கொண்டார். கும்பிடக் கை எழும்பியது, தூக்கு தடுத்தது. நகர்ந்து வழிவிட்டார். மூச்சு வாங்க ஓடிவந்த அப்பாதுரை தன் பாத்திரத்தை நீட்டினான்.