முப்பது குறையக்கூடாது

மலாயாவில் லூனாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை போட்டுவிட்டு ஓடிய பிங்பாங் மேசை, தோட்டத்தைப் பிடித்த ஜப்பான் அதிகாரிக்கு வாய்த்தது. எதிரே நிற்க ஆள் வேண்டுமாம். பால் வெட்டிவிட்டு வந்த பக்கிரிசாமியைப் பிடித்து நிறுத்தினார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. அதிகாரி போட்ட பந்து மேசையில் பட்டதும் சட்டென்று பக்கவாட்டில் ஓடியது. பக்கிரிசாமியின் மட்டை காற்றை அடித்தது. அதிகாரி சிரித்த சிரிப்பில் அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இவர ஜெயிச்சா ஒனக்குச் சயாம் ரயில் வேல கெடையாதாம்," என்றார் கிராணி. போனவர் யாரும் திரும்பாத சயாமுக்கு, ரயில் பாதை போடப் போகும் முப்பது பேரின் பட்டியலில் பக்கிரிசாமியும் இருந்தான்.

பத்து நாள் தோற்றான். தோற்றுக்கொண்டே அதிகாரியின் மணிக்கட்டைப் பார்த்தான். அட, ரப்பர்ப் பட்டை சீவுகிற வெட்டுதானே இது! மரத்தில் காயம் பட்டுப் பாழாகாமல் பட்டையை மட்டும் வழிப்பதுபோல், பந்தின் விலாவை மட்டையால் வழித்தால் போதும்.

பதினோராம் நாள் அதிகாரியின் மட்டை காற்றை அடித்தது. பக்கிரிசாமி ஜெயித்தான். அதிகாரி கைதட்டிவிட்டு, பட்டியலில் பக்கிரிசாமியின் பெயரைக் கோடிட்டு அடித்தார்.

"முப்பது கொறையக்கூடாதுலா," என்ற கிராணி, அங்கே முருகையா என்று எழுதினார். பக்கிரிசாமியின் தம்பி.

"ஐயா, அவனுக்குக் கல்யாணமாயி ரெண்டு மாசங்கூட ஆவல! என் பேரையே போடுங்க!"

"நீ போயிட்டா இவரு யாரோட ஆடுவாரு?"

மறுநாள் காலை, பக்கிரிசாமி முதல் மரத்தின் உள்கட்டை வரை கத்தியை இறக்கினான். அடுத்த மரத்திலும் இறக்கினான். முப்பதாவது மரம் வரை நிறுத்தவில்லை. முப்பது குறையக்கூடாதல்லவா?